மதிப்பெண் போடும் பழக்கத்தைக் கண்டுபிடிக்க எக்ஸெல்

'மிக நன்று என்றால் 5, மோசம் என்றால் 1' என்று கேட்கும் கருத்துப் படிவங்களை நீங்களும் நிரப்பியிருப்பீர்கள். 1932-ல் அமெரிக்காவின் ரென்சிஸ் லிக்கர்ட் வெளியிட்ட அளவுகோல்தான் இவற்றுக்கு முன்னோடி. எங்கள் அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு முடிந்ததும் இதைக் கொடுப்பார்கள். சராசரி 4-க்குக் கீழே போனால் அந்தப் பயிற்சியாளருக்கு அடுத்த அழைப்பு கிடையாது. ஒருவருடைய வருமானம் இதில் அடங்கியிருப்பதால் வெறும் சராசரியை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

காரணம், ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிலர் தாராளமாக 5 போடுவார்கள். சிலர் எதற்கும் 3-ஐத் தாண்ட மாட்டார்கள். இந்தப் பழக்கம் முடிவைக் கெடுக்கும் என்று லீ கிரான்பாக் 1946-லேயே எழுதிவிட்டார்.

எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். ஐந்து கேள்விகளுக்கான மதிப்பெண்களை பி முதல் எஃப் வரையுள்ள காலங்களில், ஒரு நபருக்கு ஒரு வரிசை என டைப் செய்யுங்கள். முதல் நபர் 5, 5, 5, 4, 5. இரண்டாமவர் 3, 4, 3, 2, 3 என்று வைத்துக் கொள்வோம். ஜி காலத்தில் ஆவரேஜ், எச் காலத்தில் எஸ்டிடெவ் பங்ஷன்களைக் கொடுங்கள். ஐ காலத்தில் ஸ்டாண்டர்டைஸ் பங்ஷனைக் கொடுத்து வலப்பக்கம் இழுங்கள். ஜி, எச் எழுத்துகளுக்கு முன் டாலர் குறி போட மறக்காதீர்கள்!

நான்காவது கேள்வியைப் பாருங்கள். முதல் நபருக்கு -1.79, இரண்டாமவருக்கு -1.41 எனக் கிடைக்கும். அதாவது, தாராளக்காரர் போட்ட 4, கறார்க்காரர் போட்ட 2-ஐ விடப் பெரிய குறை. ஏதாவது வரிசையில் நம்பர் எரர் வந்தால் பயப்பட வேண்டாம். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் போட்டிருக்கிறார். படித்துப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு எந்தக் கேள்வியில் குறை என்று மட்டுமே சொல்லும். ஒவ்வொரு வரிசையின் கூட்டலும் பூஜ்யமாகிவிடுவதால் எந்தப் பயிற்சியாளர் சிறந்தவர் என்று இதில் தெரியாது. அதற்கு மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்க வேண்டும்: பொதுச் சராசரி, நபரின் பழக்கம், பயிற்சியாளரின் தரம், மிச்சமுள்ள பிழை. நெட்ஃபிளிக்ஸ் 2006-ல் அறிவித்த 10 லட்சம் டாலர் போட்டியில் 2009-ல் வென்ற குழுவும் ரசிகரின் பழக்கம், படத்தின் தரம் என்ற இந்தப் பிரிப்பைத் தன் கணக்குகளுக்கு அடித்தளமாக வைத்திருந்தது.

நம் அளவில், ஒருவர் பல பயிற்சியாளர்களுக்குப் போட்ட மதிப்பெண்களின் சராசரியைக் கண்டுபிடித்து, அதை ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் கழித்தாலே ஓரளவு போதும். பழைய படிவங்கள் நாலைந்தாவது கையில் இருக்க வேண்டும். படிவத்தில் பெயர் வேண்டாம். பெயர் எழுதச் சொன்னால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய எண் கொடுத்து, அதையே ஒவ்வொரு முறையும் எழுதச் சொல்லுங்கள்.