கற்பிட்டிக் கோட்டையும் கடற்றுறையும்

நம் கல்லூரி மாணவர் கல்விச் சுற்றுலா செல்வதென்றால் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா என்ற வழியையே நாடுவர். புத்தளத்தை அணுகும்போது பாலாவிச் சந்தியில் மேற்கே திரும்பி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் அடையத்தக்க கற்பிட்டியை நினைப்போர் சிலரே. அச்சிலருள்ளும் பலர் கடலில் துள்ளும் ஓங்கில்களைக் காணச் செல்பவர். அரைநாளில் நடந்து முடிக்கக்கூடிய இச்சிற்றூர், கண்டி இராச்சியம் கடலை இழந்த கதையைக் கட்டட வடிவில் வைத்திருக்கின்றது. அக்கதையைக் கால்நடையாகவே படித்துப் பார்ப்போம்.

நடக்கத் தொடங்குமுன் நிலத்தின் அமைப்பை அறிந்துகொள்ளல் வேண்டும். மேற்கே திறந்த கடல். கிழக்கே புத்தளக் கடனீரேரி. இரண்டுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நாவே கற்பிட்டிக் குடாநாடு. கடனீரேரியின் வாய் வடக்கே திறந்துள்ளது. அங்குள்ள குடாக்கள் இரண்டும் ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கல் குடா என இன்றும் பழைய ஆட்சியாளரின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. ஊர் இருப்பதோ கடலை நோக்கியன்று, ஏரிக்கரையிலே. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் மேலைக் கடல் கொந்தளிக்க, ஏரி நீர் அமைதியாய் இருக்கும். மரக்கலம் ஒதுங்குவதற்கு இதனினும் நல்லிடம் அப்பகுதியில் இல்லை. பெயரைப் பிரித்தால் கல், பிட்டி என இரு சொற்கள் வரும். பிட்டி என்பது மேட்டு நிலத்தைக் குறிக்க யாழ்ப்பாணத்தார் இன்றும் வழங்குஞ் சொல்லாகும்.

இத்துறையின் வழியாகவே கண்டி மன்னனின் வெளிநாட்டு வாணிகத்தில் ஒரு பெரும் பகுதி நடந்தது. மலைநாட்டுப் பாக்கு புத்தளத்துக்கு இறங்கி, ஏரி வழியாக வந்து, தமிழகக் கரைக்குச் சென்றது. அங்கிருந்து துணியும் அரிசியும் வந்தன. புத்தளத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. உப்பின்றி எந்த நாடும் உண்ண முடியாது. மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால் கோட்டையின் பொருள் தானே விளங்கும்.

இரண்டாம் இராசசிங்கன் 1638 இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டது போர்த்துக்கேயரை ஓட்டுவதற்காக. கொழும்பு 1656 இலும் யாழ்ப்பாணம் 1658 இலும் வீழ்ந்தன. ஆனால் போர்த்துக்கேயர் இருந்த இடங்களில் ஒல்லாந்தர் அமர்ந்துகொண்டனரேயன்றி மன்னனிடம் அவற்றை ஒப்படைக்கவில்லை. கற்பிட்டியை அவர்கள் 1659 இல் கைப்பற்றினர். பின்னர், வான் கூன்ஸ் என்னும் ஆள்பதியின் காலத்தில், கண்டியின் துறைகளை ஒவ்வொன்றாய் அடைத்தல் என்பதே கொள்கையாயிற்று. கிழக்கே திருக்கோணமலை, கொட்டியாரம், மட்டக்களப்பு ஆகியவை 1660 களின் பிற்பகுதியில் அடைக்கப்பட்டன. மேற்கே 1667 இல் தொடங்கி 1676 இல் முடிந்த கற்பிட்டிக் கோட்டை அதே வேலையைச் செய்தது. யாழ்ப்பாணக் கோட்டை ஒரு பட்டினத்தையும் நாட்டையும் ஆளக் கட்டப்பட்டது. இதுவோ ஒரு கதவுக்கு இட்ட பூட்டு. இதன் சிறு அளவுக்குக் காரணமும் அதுவே.

இனி வாயிலருகே செல்வோம். கோட்டை இன்று இலங்கைக் கடற்படையின் பொறுப்பில் உள்ளது. ஆகையால் வாயிலில் அனுமதி கேட்டு, கடற்படையினர் வழிகாட்ட உள்ளே செல்லுதலே முறை. சற்றுப் பொறுத்து, நுழையுமுன் முகப்பை நோக்குக. சுவர்கள் ஒரு நிறம். வாயில் வேறொரு நிறம். வாயிலின் வளைவும் முக்கோண முகப்பும் மஞ்சள் நிறச் செங்கற்களாலானவை. இச்சிறு செங்கல் இலங்கையிற் சுட்டதன்று. ஒல்லாந்து நாட்டிலிருந்து வந்தது. அக்காலக் கப்பல்கள் இங்கு வரும்போது, அலையில் தளம்பாதிருக்க அடித்தட்டில் பாரம் ஏற்றி வருவது வழக்கம். செங்கல்லைப் பாரமாக ஏற்றினால் வந்த இடத்தில் அதைக் கட்டடத்துக்கும் பயன்படுத்தலாம். திரும்பும்போது அவ்விடத்தைக் கறுவா நிரப்பும். வணிகர் கட்டிய கோட்டை என்பதற்கு இவ்வாயிலினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

முகப்பின் மேலே மணி தொங்குவதற்குரிய அமைப்பும் உண்டு. தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு இது கிறித்தவ ஆலயத்தின் முகப்பென்றே தோன்றும். தேவாலயம் கட்டப் போவதாகச் சொல்லி மன்னனிடம் இசைவு பெற்று, சுவருக்குப் பின்னே கோட்டையைக் கட்டிவிட்டனர் என்று ஊரார் கூறுவர். கதை சுவையானதே. எனினும் 1667 இல் மன்னனின் இசைவுக்காக ஒல்லாந்தர் காத்திருந்தனர் என நம்புவது எமக்கு எளிதாயில்லை. முன்பு இவ்விடத்தில் போர்த்துக்கேய இயேசு சபையாரின் சிற்றாலயம் இருந்தது என்பதும், அதன் எச்சம் கோட்டைக்குள்ளேயே நிற்கின்றது என்பதும் இக்கதைக்கு வித்தாக இருக்கலாம். கோட்டையிலிருந்து கடலுக்குச் செல்லுஞ் சுரங்கம் ஒன்றைப் பற்றியும் கேட்பீர்கள். சுரங்கக் கதை இல்லாத கோட்டையை இலங்கையில் நாம் இன்னும் கண்டிலோம்.

சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். அதிலுள்ளது பெரும்பாலும் முருகைக்கல்லும் சுண்ணக்கல்லுமே. கூர்ந்து நோக்கினால் முருகைப் பூச்சிகள் கட்டிய சிறு அறைகள் மலர்போல் தெரியும். முருகைக்கல் நீரிலிருந்து எடுத்த புதிதில் வெட்ட எளிதாய் இருந்து, காற்றுப் படப்பட இறுகும். அதையே சுட்டாற் சுண்ணாம்பாகும். எனவே கல்லும் சாந்தும் ஒரே கடலிலிருந்து கிடைத்தன. மணல் நாவாகிய இக்குடாநாட்டில் மலைக்கல் தேடி அலைய வேண்டிய தேவை நேரவில்லை. மன்னார், யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை ஆகியவற்றைக் கண்ட மாணவர்க்கு இக்கல் புதிதன்று.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் நகர்தல் கூடாது. இத்தகைய சுவர் காற்றையும் ஈரத்தையும் உள்வாங்கி வெளிவிடுவது. சுண்ணாம்புச் சாந்து அதற்கு இடந்தரும், சீமெந்து இடந்தராது. விரிசல் கண்ட இடத்தில் சீமெந்தைப் பூசினால், உள்ளே தங்கிய உப்பு நீர் வெளியேற வழியின்றிக் கல்லையே அரிக்கத் தொடங்கும். சில ஆண்டுகளில் பூச்சு நிற்க, அதன் பின்னே கல் உதிரும். ஆதலால் பழைய முறைச் சுண்ணாம்பே வேண்டும். ஆனால் முருகைக்கல் அகழ்தல் இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது, அத்தடை சரியே. இவ்வூருக்கு மேற்கே கடலில் உள்ள பெரும் முருகைத் தொடர் 1992 இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. தொடரை அழித்துச் சுவரைக் காத்தல் அறிவுடைமையன்று. நிலத்திலுள்ள சுண்ணக்கல்லைச் சுட்டு நீற்றிப் பல நாள் ஊறவைத்துச் சாந்து அரைக்கத் தெரிந்த மேசன்மார் இன்று எத்தனை பேர் உளர்? பொறியியல் பயிலும் நம் மாணவர் சிலராவது இத்துறையை எடுத்துக் கற்றால், இக்கோட்டைக்கு மட்டுமன்றி யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் அது பயன்படும்.

உள்ளே சதுரத்தை ஒத்த முற்றமும், நான்கு மூலைகளில் கொத்தளங்களும், தளபதியின் இல்லம், படையினர் விடுதி, பண்டகசாலை, சிறை ஆகியவற்றின் எச்சங்களும் காணப்படும். கொத்தளத்தில் ஏறி ஏரியை நோக்கினால் வந்துபோகும் வள்ளம் எதுவும் கண்ணுக்குத் தப்பாது. கோட்டையின் வேலையே அதுதான். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் கண்டி இழந்தது. 1795 இல் ஆங்கிலேயர் இக்கோட்டையை எதிர்ப்பின்றிப் பெற்றனர். 1815 இல் கண்டி இராச்சியமே மறைந்தது. வீடு போனபின் பூட்டு எதற்கு? 1859 வரை ஏதோ ஒரு வகையில் அதனைப் பயன்படுத்திவிட்டுப் பின்னர்க் கைவிட்டனர்.

கோட்டையை விட்டு ஊருக்குள் நடந்தால் ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயத்தைக் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, ஆங்கிலேயர் காலத்திற் புதுப்பிக்கப்பட்டது அது. அங்குள்ள ஒல்லாந்தக் கல்லறைக் கற்களில் எழுத்துச் செதுக்கு அழகியது; நின்று பார்க்கத் தக்கது.

தமிழ் கற்ற நாம் இவ்வூரில் நினைக்க வேண்டிய ஒருவர் உளர். சைமன் காசிச் செட்டி 1807 இல் கற்பிட்டியிற் பிறந்தவர். புத்தளத்து மணியகாரராகவும், சட்டநிரூபண சபை உறுப்பினராகவும், சிலாபத்தில் நீதிபதியாகவும் பணியாற்றியவர். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரிக்கும் நூலொன்றை 1834 இல், தம் இருபத்தேழாம் வயதில், ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சான அவரது ‘தமிழ்ப் புளூட்டாக்’ தமிழ்ப் புலவர் ஏறக்குறைய 200 பேரின் வரலாற்றைத் தொகுத்துரைப்பது. ஏடுகள் கைக்குக் கைமாறி அழிந்துகொண்டிருந்த காலத்தில், உரைநடையில் இப்பணியை முதலில் மேற்கொண்டவருள் அவர் ஒருவர். சங்க நூல்கள் அச்சேறுமுன் எழுதப்பட்டதால் அதில் பிழைகள் உண்டு; பின்வந்தோர் அவற்றைத் திருத்தினர். திருத்துவதற்கு முதலில் ஒரு நூல் வேண்டுமன்றோ? கோட்டையைக் காட்டும் வழிகாட்டிகள் இவர் பெயரையும் மாணவர்க்குச் சொல்லுவது நன்று.

இறுதியாக ஏரிக்கரைக்கு வருவோம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அடைக்கப்பட்ட இத்துறை, 1990 ஒக்டோபரில் வேறொரு வகையில் திறந்து நின்றது. வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் அம்மாதம் வெளியேற்றப்பட்டனர். தமிழ் பேசும் நம் அயலவரான அவர்களுள், மன்னார்த் தீவைச் சேர்ந்தோர் பலர் வள்ளங்களில் கடல் வழியே இக்கரையை அடைந்தனர். ஊரார் தம் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வளவுகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர். கோட்டையில் இடமில்லை, தென்னந்தோட்டங்களில் கிடுகுக் குடில்கள் எழுந்தன. கிடுகு சிலகால வாழ்வுக்குரிய கூரை. அது ஓடாகவும் தகரமாகவும், மண்சுவர் சீமெந்துக் கல்லாகவும் மாறிய இடங்களை இன்றும் சாலையின் இருபுறமும் காணலாம். போர் 2009 இல் முடிந்தபின் சிலர் மீண்டனர். பலர் இங்கேயே நிலைத்துவிட்டனர். கட்டடக் கலை பற்றிய நூல்கள் இவ்வீடுகளைக் குறிப்பதில்லை. ஆயினும், எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கோட்டை வாயிலிற் கேட்ட மாணவன், இக்கூரைகளின் கீழ் யார் எங்கிருந்து வந்தனர் என்று கேளாமல் திரும்புதல் முறையன்று.

ஆகவே மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், வெயில் ஏறுமுன் கோட்டையைக் காட்டி, மாலையில் இக்குடியிருப்புகளின் வழியே அவர்களை நடத்திச் செல்வாராக. வீடுகளைப் படமெடுத்தல் வேண்டா. திண்ணையில் இருக்கும் முதியவர் அழைத்தால் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்கலாம்.