உள்ளும் புறமும் ஒன்றாதல்

பஞ்சசீலத்துள் நான்காவது பொய்யுரையாமை. பிறரிடம் பொய் கூறாதிருத்தலே அதன் பொருளென்று கருதி நாம் அமைந்துவிடுகிறோம். நெஞ்சறியத் தன்னையே மறைத்து வாழ்தலும் அச்சீலத்திற்கு மாறானதேயாம்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நோக்குவோம். இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப்போவதில்லையென்று 1935ஆம் ஆண்டில் இயோலா மாநாட்டில் அறிவித்தார். அதன்பின் 21 ஆண்டுகள் ஆராய்ந்து தெளிந்து, 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். சொல்லிய வண்ணமே அவர் வாழ்வு நிறைந்தது.

நம் நிலை யாது? விகாரையில் சரணம் கூறும் நம்மிற் பலர், பள்ளிப் பதிவிலும் குடிக்கணக்கிலும் வேறு சமயத்தை எழுதுவிக்கிறோம். சலுகை போய்விடுமென்னும் அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. முன்னாளில் அவ்வச்சத்திற்கு இடமிருந்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை பௌத்தரை உட்கொள்ளவில்லை. 1990ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் அத்தடை நீங்கியது. எஞ்சியிருப்பது, சுற்றத்தார் என்ன சொல்வரோ என்னும் கூச்சம் ஒன்றே.

மறைத்து வாழ்வோன் என்று வெளிப்படுமோவென நாளும் கலங்குகிறான். உள்ளதை உள்ளவாறு உரைப்போனுக்கு அக்கலக்கம் இல்லை. அவன் மனம் ஓய்வு பெறுகிறது. நாம் தேடும் இன்பம் இவ்வோய்வன்றி வேறன்று. தனக்குத் தானே புகலிடமாதல் வேண்டுமென்று பகவன் தம் இறுதிநாட்களில் ஆனந்தருக்கு அறிவுறுத்தினார். புகலிடமாக வேண்டிய தன்னையே மறைப்போன் எங்ஙனம் அதனை அடைவான்?

ஆதலின், அடுத்து நம் சமயம் யாதென வினவப்படுங்கால், பௌத்தமென்று நம் வாயாலேயே உரைப்போமாக.