சாணை யந்திரத்தில் இறுகிய நட்டைக் கழற்றும் முறை

கொழு, அரிவாள், மண்வெட்டி முதலியவற்றைத் தீட்டுவதற்கு இருபுறமும் கல் பூட்டிய மின்சாரச் சாணை யந்திரம் பெரிதும் பயன்படுகிறது. தேய்ந்த கல்லை மாற்ற முற்படுகையில், அச்சின் முனையிலுள்ள நட்டு அசையாதிருப்பதுண்டு. அப்பொழுது சுத்தியலால் அடித்தல் ஆபத்தாகும். அடியினால் கல்லில் நுண்ணிய வெடிப்பு விழுமாயின், யந்திரம் ஓடும்போது கல் சிதறி உயிருக்கே தீங்கு நேரலாம்.

பல வேளைகளில் இறுக்கத்திற்குக் காரணம் துரு அன்று. தவறான திசையில் திருப்புதலேயாகும். ஓட்டத்தில் நட்டு தானாகக் கழலாதிருக்கும் பொருட்டு, வலப்புறத்தில் வழக்கமான மரையும் இடப்புறத்தில் எதிர்மரையும் வெட்டப்பட்டிருக்கும். ஆதலின், கல் சுழலும் திசையிலேயே நட்டைத் திருப்புக. இருபுறமும் இவ்வொரு விதியே பொருந்தும்.

முதலில் மின் இணைப்பை அறவே துண்டிக்க வேண்டும். பின்னர்க் காப்புமூடியைக் கழற்றி, மறுபுறக் கல்லைக் கோணியால் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள, அளவு பொருந்திய ஸ்பானரால் திருப்புக. துருவேறியிருப்பின், மரையில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுக. கல்லில் எண்ணெய் படலாகாது. பிறகும் அசையாவிடில், தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு நட்டை அறுத்தெடுப்பதே சிக்கனம். நட்டின் விலை அற்பம். அச்சின் விலை பெரிது.

புதுக் கல்லைப் பூட்டுமுன் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென ஒலிப்பதே நல்ல கல். மந்தமாக ஒலிப்பதை விலக்குக. காப்புமூடியை மீண்டும் பூட்டி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பின்னரே வேலையைத் தொடங்குதல் நலம்.