பிரேக் பெடல் உதறினால்

பிரேக்கில் கால் வைத்ததும் பெடல் மேலும் கீழுமாகத் துடிக்கிறது, கூடவே ஸ்டீரிங்கும் ஆடுகிறது. இதைச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "டிஸ்க் பெண்டாயிடுச்சு சார், லேத்துல கொடுத்துடலாம்." என் காருக்கும் அதையே சொன்னார்கள். ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை கொடுத்தேன். இரண்டு முறையும் நாலைந்தாயிரம் கிலோமீட்டரில் உதறல் திரும்பிவிட்டது. மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பைக் காட்டினார். முகப்பெல்லாம் துரு ஏறிப் பொருக்குத் தட்டியிருந்தது.

அந்தத் துருவின் மேல் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும், சுற்றுக்கு ஒரு முறை அதே இடம் பேடில் உரசும். நாளடைவில் அந்த இடம் மட்டும் தேயும். தடிமனில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே காலுக்குத் தெரிந்துவிடும். இன்று லேத்தில் சமமாக்கினாலும், துரு அப்படியே இருந்தால் தேய்மானம் நாளையே மறுபடி தொடங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இப்படிச் சமமில்லாமல் தேய்ந்ததோ, பேடின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டியதோதான்.

செய்ய வேண்டியவை

முதலில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். பிரேக்கைத் தொடாமலே 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீரிங் ஆடினால் அது வீல் பேலன்சிங் கோளாறாக இருக்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீரிங் ஆடினால் முன் டிஸ்க்கைப் பாருங்கள். ஸ்டீரிங் அமைதியாக இருந்து பெடலிலும் சீட்டிலும் மட்டும் அதிர்வு தெரிந்தால், பின்பக்க டிரம்மையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். இழுக்கும் வகை ஹேண்ட் பிரேக் என்றால், ஆளில்லாத நேர் சாலையில் 30 கி.மீ. வேகத்தில் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுங்கள். அப்போதும் உதறினால் கோளாறு பின்னால்தான்.

ஏபிஎஸ் துடிப்பைப் பிரித்தறியுங்கள். மழையிலோ மணலிலோ அவசரமாக மிதிக்கும்போது பெடல் கடகடவென்று காலைத் தள்ளுவது கோளாறு அல்ல. பயந்து காலை எடுத்துவிடாமல் அழுத்தியே பிடியுங்கள்.

டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில் வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்யவேண்டும். பிறகு நட்டுகளை வாஷர் போட்டு இறுக்கி, டிஸ்க்கைக் கையால் சுற்றவேண்டும். ஒரு சுற்றில் முள் 0.05 மில்லிமீட்டருக்குள் ஆடினால் நல்லது. பல கார்களுக்கு 0.1 வரை அனுமதி உண்டு. உங்கள் மாடலின் அளவே முடிவானது. அதோடு மைக்ரோமீட்டரால் ஏழெட்டு இடங்களில் தடிமனைப் பாருங்கள்.

ஹப்பின் முகப்பையும் டிஸ்க்கின் உள்பக்கத்தையும் கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சிடும்வரை தேயுங்கள். அதன் பிறகும் ஆட்டம் கூடுதலாக இருந்தால், டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டி மறுபடி அளக்கவேண்டும். சில நேரம் அதுவே போதும்.

கேலிப்பர் பின்கள் கைக்கு இலகுவாக நகருகின்றனவா என்று பாருங்கள். இறுகியிருந்தால் பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதா கிரீஸில் ரப்பர் ஊதிவிடும்.

டிஸ்க் மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், பேடும் புதிதாகவே இருக்கட்டும். துருப் பிடிக்காமலிருக்கப் புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். பிறகு வண்டி நெரிசல் இல்லாத சாலையில், 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, மிதமாக எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்து, முழுக்க நிறுத்தாமல் சற்று ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் பொருள் டிஸ்க் மேல் சீராகப் படிவதற்குத்தான் இது.

செய்யக்கூடாதவை

பஞ்சர் கடையில் ஏர் கன்னாலேயே நட்டுகளை இறுக்கி முடிக்க விடாதீர்கள். ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்று இறுகினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். கையால் முடுக்கி, எதிரெதிர் நட்டாக, டார்க் ரெஞ்சால் முடிக்கவேண்டும். சின்னக் கார்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். சரியான எண் காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பஞ்சர் ஒட்டிய சில வாரங்களில் உதறல் தொடங்கியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

காரணம் தெரியாமல் லேத்துக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு சீவலிலும் டிஸ்க் மெலிகிறது. எந்தத் தடிமனுக்குக் கீழே போகக்கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கருநீலத் திட்டுகள் தெரிந்தால் லேத் வேண்டாம். அதிகச் சூட்டில் இரும்பு அங்கே கெட்டிப்பட்டிருக்கும், மேலே சீவினாலும் போகாது. மாற்றிவிடுங்கள்.

மலையிறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைச் சாலையில் 40. இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். அடிவாரத்தில் நிறுத்தியதும் பெடலை அழுத்தியபடி உட்காரவும் வேண்டாம். கொதிக்கும் பேட் ஒரே இடத்தில் டிஸ்க்கோடு ஒட்டி, தடம் பதித்துவிடும். அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றுவது அதைவிடக் கெடுதல்.

கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடக்கூடாது, கம்பியால் கட்டிவைக்கவேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது, மூச்சில் போகும்.

இரண்டு முறை சீவியதில் என் டிஸ்க்குகள் பொறித்திருந்த அளவுக்குக் கிட்டே வந்துவிட்டன. ஹப்பைச் சுத்தம் செய்ததோடு புது டிஸ்க்கும் போடவேண்டியதாயிற்று. உங்கள் காரில் டிஸ்க் கழலும்போது பக்கத்தில் நின்று, லேத் பேச்சுக்கு முன்னால் ஹப்பைக் காட்டச் சொல்லுங்கள்.