மாற்றுச் சிறுநீரகமும் நம் வீட்டுப் பெரியவர்களும்

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான். என் மூத்த மாமா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இஃப்தாருக்காவது எங்களோடு உட்காருங்கள்" என்று பாசத்தோடு அழைத்து, பேரீச்சம்பழம், இளநீர், இரண்டு கோப்பை நோன்புக் கஞ்சி எல்லாம் கொடுத்தோம். நடுநிசியில் அவருக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் பிடித்து ஓடினோம். அல்லாஹ் காப்பாற்றினான். தவறு அவருடையதல்ல, விவரம் தெரியாமல் பாசம் காட்டிய எங்களுடையது. அன்று கற்றதே இம்மாதப் பாடம்.

1. காத்திருக்கும் காலம்

"வயதாகிவிட்டது, இனி எதற்கு ஆபரேஷன்?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இறந்தவரின் உறுப்பைப் பெறப் பதிவு செய்வதற்கு இருந்த 65 வயது வரம்பை மத்திய அரசு 2023-இல் நீக்கிவிட்டது. நம் ஊர் ஜிப்மரிலேயே மாற்றுச் சிறுநீரக சிகிச்சை நடக்கிறது. வயதை விடப் பெரிய தடை உடல் தளர்ச்சி.

தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்கள் உண்டு: காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி வலுவிழப்பது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தாலே டாக்டரிடம் சொல்லுங்கள்.

உணவில் ஒரு குழப்பம் பல வீடுகளில் இருக்கிறது. டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியபின் புரதம் கூடுதலாகத் தேவை. பழைய பத்தியத்தையே தொடர்ந்தால் தசை கரைந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி எவ்வளவு என்று உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். இளநீர், வாழைப்பழம், பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் அதிகம். அது இதயத் துடிப்பையே பாதிக்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தின் உப்பு தாகத்தைக் கூட்டும். டாக்டர் சொன்ன ஒரு நாள் தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வையுங்கள். டீ, மோர், கஞ்சி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து குறைத்துவிடுங்கள்.

டயாலிசிஸ் முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். சற்று உட்கார்ந்தபின் எழட்டும்; ஒருவர் கூடவே வரவேண்டும். ஃபிஸ்டுலா போட்ட கையில் பிரஷர் பார்க்கவோ, இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். மற்ற நாட்களில் டாக்டர் அனுமதித்தால், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவதும், தெருவில் சிறிது நடப்பதும் போதும்.

2. ஆபரேஷனுக்குப் பின்

புதிய சிறுநீரகத்தை உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதைத் தடுக்கும் மாத்திரைகளை நேரம் தவறாமல், சிறுநீரகம் வேலை செய்யும் காலமெல்லாம் சாப்பிட வேண்டும். "ஃபஜ்ருக்குப் பின் ஒன்று, மஃக்ரிபுக்குப் பின் ஒன்று" என்று வைக்காதீர்கள். வக்து நாளுக்கு நாள் மாறும்; மாத்திரையின் பன்னிரண்டு மணி நேர இடைவெளி மாறக் கூடாது. கைப்பேசியில் அலாரம் வையுங்கள். மருந்தின் அளவைப் பார்க்க இரத்தம் கொடுக்கும் காலையில், இரத்தம் எடுத்த பிறகே மாத்திரை.

தண்ணீருக்குப் பயந்து பழகியவர்கள் இப்போதும் பயப்படுவார்கள். புதிய சிறுநீரகம் நன்றாக இயங்கினால் பெரும்பாலும் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். டாக்டரிடம் புதிய அளவைக் கேட்டு வாங்குங்கள்.

நோய் எதிர்ப்பு சக்தி குறைவாக இருப்பதால் சிறு காய்ச்சலையும் அன்றே தெரிவியுங்கள். சளி பிடித்த பேரப்பிள்ளை சில நாள் தள்ளியே இருக்கட்டும். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். கருஞ்சீரகம், நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரைக் கேட்டபிறகே. பம்பளிமாஸ் வேண்டாம், அது மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

3. மார்க்கம் தந்த சலுகை

நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் தீங்கு தருமானால் தயம்மும் இருக்கிறது. நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை. நோன்பு வைக்கவே இயலாத, குணமாகும் நம்பிக்கையும் இல்லாத நிலையில் ஃபித்யா கொடுக்கலாம். இதில் எதுவும் ஈமானில் குறை அல்ல. உறுப்பு தானத்தை நிபந்தனைகளோடு அனுமதித்து சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988-இல் ஜித்தாவில் தீர்மானித்தது. உங்கள் வீட்டு நிலைமைக்கான விளக்கத்தை இமாமிடமும் டாக்டரிடமும் சேர்த்துக் கேளுங்கள்.

4. மரியாதை

மாமா ஒரு நாள் சொன்னார்: "எல்லாரும் என்னைப் பற்றியே பேசுகிறீர்கள், என்னிடம் யாரும் பேசுவதில்லை." அன்றிலிருந்து மருந்து நோட்டை அவர் கையிலேயே கொடுத்தோம். அவரே டாக்டரிடம் கேள்வி கேட்டார்.

பணிவிடை முழுவதும் ஒரே மருமகள் தலையில் விழக் கூடாது. மகன்களும் முறை எடுங்கள். சிறுநீரகம் கொடுத்தவர் வீட்டில் இருந்தால் அவருக்கும் ஓய்வும், ஆண்டுதோறும் பரிசோதனையும் தேவை.

குடும்பத்தோடு பேச:

1. நம் வீட்டுப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியுமா?
2. அவருக்கு என்ன விருப்பம் என்று கடைசியாக எப்போது கேட்டோம்?
3. இந்த வாரம் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவது யார்?

துணைக்கு ஆளில்லாத வீடுகள் தயங்காமல் நம் அறக்கட்டளையில் சொல்லுங்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

செயலாளர்