பிளேஸ்மென்டுக்கு முன்னால் டோஸ்ட்

மெல்பர்னுக்கு ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பிளேஸ்மென்ட், அதாவது பள்ளியில் பாடம் நடத்திப் பழகும் பயிற்சி, தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். அங்கே உங்களை எடைபோட ஒருவர் குறிப்பேட்டோடு பின்னால் உட்கார்ந்திருப்பார். யாரும் மார்க் போடாத இடத்தில் முதலில் போய் நில்லுங்கள்.

நான் தொண்டராகப் போய் நின்றது ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியின் காலை உணவு கிளப்பில். விக்டோரியாவில் 2016 முதல் மாநில அரசின் நிதியில் ஃபுட்பேங்க் அமைப்பு பள்ளிகளின் இந்த கிளப்புகளுக்கு உணவுப் பொருட்கள் அனுப்புகிறது. என் வேலை டோஸ்ட் போடுவது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் கையிலிருந்த கத்தியை வாங்கி, முதலில் வெண்ணெய், அதன்மேல் ரொட்டி தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வெஜிமைட் என்று தடவிக் காட்டினான். பிறகு தலைமையாசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பால் தீர்ந்துவிட்டது என்றான். அவரும் போய் எடுத்துவந்தார். சார் வந்தாலே எழுந்து நின்று பழகிய மதுரைக்காரியான எனக்கு அன்று தலை சுற்றியது. ஆனால் அதைப் பார்த்திருந்ததால், பிளேஸ்மென்டில் ஒரு சிறுமி, "எனக்கு அப்படித் தோணலை" என்று பாடத்தின் நடுவே சொன்னபோது துடுக்கு என்று தோன்றவில்லை. ஏன் தோணலை என்று கேட்டேன். பாடம் நன்றாகவே போனது.

கன்னத்தைக் கிள்ளுவது, தலையைக் கோதுவது நம் கைப்பழக்கம். இங்கே வேண்டாம். அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் அதன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தால் போதும். பிள்ளையோடு தனியே இருக்க நேர்ந்தால் கதவு திறந்தே இருக்கட்டும்.

இதற்கு வேண்டிய, குழந்தைகளோடு பணியாற்றுவதற்கான அனுமதி அட்டை தொண்டர்களுக்கு இலவசம். ஆனால் அதை வைத்துக்கொண்டு டியூஷன் சென்டரில் சம்பளத்துக்குப் போக முடியாது. இன்னொன்று: சம்பளம் தரவேண்டிய வேலையைத் தொண்டு என்ற பேரில் வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. மாணவர் விசாவின் வேலை நேரக் கணக்கில் அது சிக்கலாகலாம், ஒதுங்கிவிடுங்கள்.

வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிகளில் உதவுவது மனசுக்கு இதம். அதையும் செய்யுங்கள், ஆனால் இரண்டாவதாக. அங்கே பாதி வீட்டில்தான் இருப்பீர்கள்.

வாரம் ஒரு நாள் போதும், ஆனால் ஒரே பள்ளிக்கு ஒரு டெர்ம் முழுக்கப் போங்கள். சான்றிதழுக்காக இடம் மாறி மாறி ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். பிள்ளைகள் பேச ஆரம்பிப்பதே முகம் பழகிய பிறகுதான். வேலைக்கு ரெஃபரன்ஸ் தேவைப்படும்போது, உங்களைத் தெரியும் என்று சொல்லவும் அந்தப் பள்ளியில் ஒருவர் இருப்பார்.