உதவித்தொகையோடு மசாஜ் தொழில் கற்க

மசாஜ் தெரபிஸ்ட் ஆக நினைப்பவர்களில் பலர் முதலில் தனியார் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டே கற்கவும் வழி இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம்தான் அந்த வழி.

மத்திய அரசின் அப்ரன்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவது எளிது. ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கு அவசியம். ‘ஸ்பா தெரபிஸ்ட்’, ‘அசிஸ்டன்ட் ஸ்பா தெரபிஸ்ட்’ என்ற பெயர்களில் தேட வேண்டும்.

முதல் விண்ணப்பம் பெரிய ஹோட்டலுக்கோ ரிசார்ட்டுக்கோதான் போக வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்பது விதி. தெருமுனை ஸ்பாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இணையதளத்தில் காலியிடம் தெரியவில்லை என்றால் நேரே போய் எச்.ஆர். அதிகாரியிடம் கேட்கலாம்.

பலரும் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். சில இடங்களில் “நாளையிலிருந்து வா, மூன்று மாதம் ட்ரெயினிங், கஸ்டமருக்கு இவ்வளவு கமிஷன்” என்பார்கள். அது அப்ரன்டிஸ்ஷிப்பே அல்ல. பழகுநருக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி தரக் கூடாது என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. மாத உதவித்தொகைதான் தர வேண்டும். 2019இல் திருத்திய விதிகளின்படி, படிப்பைப் பொறுத்து அதன் குறைந்தபட்ச அளவு 5,000 முதல் 9,000 ரூபாய். இப்போதைய தொகையை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அனுமதியில்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கவும் கூடாது.

ஆகவே பழகுநர் ஒப்பந்தம் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு நாள்கூட வேலைக்குப் போகக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டால் மழுப்புகிற இடத்தை அப்போதே விட்டுவிட வேண்டும். டெபாசிட் கேட்டாலும், ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலும் அப்படியே. யார் கற்றுத் தருவார், அவர் எப்போதும் கூட இருப்பாரா, தவறாக நடக்கும் வாடிக்கையாளரை மறுக்க உரிமை உண்டா என்பதையும் கேட்டுவிட வேண்டும். பெண்கள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். நல்ல ஸ்பா உடனே பதில் சொல்லும்.

சேர்ந்த பிறகு வேலையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. பயிற்சி முடிந்தாலும் அதே இடத்தில் வேலை உறுதி என்று நினைக்க வேண்டாம். மதிப்பீட்டுத் தேர்வு எழுதிச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகே அங்கிருந்து கிளம்புங்கள்.